அடுக்களை மடல்: அண்டை வீட்டுத் தட்டு



கடல் கடந்து வந்த ஒரு கடிதத்தை முன்வைத்தே இம்மாத மடலை எழுதுகிறேன். எழுதியவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழும் ஒரு சகோதரி. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார். ஆனால், தமக்கு நேர்ந்ததை எழுதினால் தம்மைப் போன்ற பலருக்கும் பயன்படும் என்றும் குறிப்பிட்டுள்ளார். எனவே செய்தியை மட்டும் தருகிறேன்.

அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டில் தனியே வசிக்கும் எழுபது வயதைக் கடந்த கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார். அவர் கையில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் இன்னும் சூடு ஆறாத ஓட்ஸ் பை. தம் தாயார் செய்த முறைப்படியே தம் கையால் செய்தது என்று கூறிக் கொடுத்துவிட்டுச் சென்றிருக்கிறார். புதிதாகக் குடிவருவோருக்கு இவ்வாறு பை செய்து கொடுப்பது அந்நாட்டில் பழைய வழக்கம். (பை என்றதும் கடைவீதிக்கு எடுத்துச் செல்லும் துணிப்பையை நினைத்துவிடாதீர்கள். மாவை அப்பளம்போல் தேய்த்துத் தட்டில் விரித்து, அதற்குள் இனிப்பையோ பழத்தையோ இறைச்சியையோ நிரப்பி ஓவனில் வேக வைக்கும் பண்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.)

நம் சகோதரி சிரித்த முகத்தோடு வாங்கி வைத்தார். ஆனால் மேல்நாட்டுப் பையின் மேலோட்டில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்ததால் பிள்ளைகளைத் தொடவிடவில்லை. இரவில் அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். இதோடு முடிந்திருந்தால் கடிதமே வந்திருக்காது. இரண்டு நாள் கழித்து மூதாட்டி வேலியோரம் நின்று, "பிள்ளைகளுக்குப் பிடித்திருந்ததா?" என்று ஆவலோடு கேட்டிருக்கிறார். சகோதரியின் வாயிலிருந்து, "மிகவும் சுவையாக இருந்தது" என்ற சொல் வந்துவிட்டது. 'ஆறு வாரமாகிறது, அவர் தட்டு இன்னும் என் அலமாரியிலேயே இருக்கிறது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. எதை வைத்துக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. அவர் வெளியே வந்தால் நான் உள்ளே போய்விடுகிறேன். ஹராமைத் தவிர்த்த நான் பொய்யில் விழுந்துவிட்டேனே' என்று எழுதியுள்ளார்.

இக்கடிதத்தைப் படித்தபோது என் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி இதுதான்: அந்தப் பையில் பன்றிக் கொழுப்பு இருந்ததா? சகோதரிக்கே தெரியாது. அவர் கேட்கவேயில்லை. ஒருவேளை அதில் சுத்தமான வெண்ணெய் இருந்திருக்கலாம். அப்படியானால் மூதாட்டியின் அரை நாள் உழைப்பும், அல்லாஹ் தந்த ரிஸ்க்கும் காரணமின்றிக் குப்பைக்குப் போயின. கொழுப்புத்தான் இருந்தது என்றால், அதை மூதாட்டியிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தால் பொய்க்கு இடமே இருந்திராது. பேணுதல் உள்ள பெண்மணிதான், அதில் ஐயமில்லை. ஆனால் பேணுதல் என்பது விசாரிப்பதில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டதால் இவ்வளவு சங்கடம்!

முஸ்லிம் பெண்களை விளித்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஓர் அண்டை வீட்டுக்காரி கொடுத்தனுப்புவது ஆட்டின் குளம்பாயினும் அதை மற்றவள் அற்பமாக எண்ணலாகாது என்று அறிவுறுத்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக ஊற்றி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் கேட்டறிந்த செய்தியும் உங்களுக்குப் புதிதன்று. கொடுப்பதும் வாங்குவதும் நமக்கு மார்க்கத்தின் ஒரு பகுதி. வேதம் அருளப்பட்டோரின் உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கூறுகிறது. பன்றியின் இறைச்சி விலக்கப்பட்டதையும் அதே அத்தியாயத்தின் 3ஆம் வசனம் கூறுகிறது. இரண்டுக்கும் இடையில் நின்று தெளிவு பெற, உணவில் என்ன சேர்ந்துள்ளது என்பதை அறிந்தாக வேண்டும். மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்களை பற்றிய செய்தியை நான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் பீக்கன் என்னும் கொட்டை மரம் இயற்கையாகவே விளைகிறது. நம் அக்ரூட் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது. அதைவிட மென்மையும் இனிமையும் உடையது. டெக்சாஸ் மாநிலம் 1919இல் அதைத் தன் மாநில மரமாகவே அறிவித்தது. அக்கொட்டையை முட்டை, சர்க்கரை, வெண்ணெய், பாகு இவற்றோடு சேர்த்து வேக வைக்கும் பீக்கன் பை அங்கே பண்டிகைப் பண்டம். 1902இல் மக்காச்சோளப் பாகு (கார்ன் சிரப்) 'கேரோ' என்னும் பெயரில் கடைக்கு வந்த பின்னர் அது வீட்டுக்கு வீடு பரவியது. ஆனால் கொட்டைக்கு விலை உண்டு. எல்லா வீட்டிலும் எல்லா நாளும் அதை வாங்க முடியாது. அப்போது சிக்கனம் தெரிந்த இல்லத்தரசிகள் கொட்டையை விட்டுவிட்டு, காலைக் கஞ்சிக்கென வாங்கி வைத்திருந்த ஓட்ஸை ஒரு கோப்பை அள்ளிப் போட்டார்கள். வெந்து வந்ததும் ஓட்ஸ் பாகில் ஊறி, மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பசைபோன்றும் ஆகி, ஏறக்குறைய பீக்கனின் சுவையையே கொடுத்தது. அதனால் இதற்கு 'ஏழையின் பீக்கன் பை' என்றே இன்னொரு பெயர் உண்டு.

இல்லாமையை மறைத்து விருந்து படைக்கும் இவ்விதப் பைகள் அந்நாட்டில் பல. எலுமிச்சம்பழம் கிடைக்காதபோது காடியை, அதாவது வினிகரைக் கொண்டு புளிப்பேற்றிய பை ஒன்று. 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார முடக்கத்தின் காலத்தில், ஆப்பிளே இல்லாமல் உப்பு பிஸ்கட்டை எலுமிச்சைப் பாகில் ஊறவைத்து ஆப்பிள் பை என்று நம்பவைத்தது இன்னொன்று. நம் வீடுகளில் கறி எடுக்க முடியாத நாளில் உருளைக்கிழங்கையும் பலாக்காயையும் கறி மசாலாவில் புரட்டிப் பிள்ளைகளைச் சாப்பிட வைப்போமே, அந்தக் கைப்பக்குவந்தான் இது. ஒஹையோ மாநிலத்தின் ஹோம்ஸ் வட்டாரத்திலும் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்திலும் ஆமிஷ் என்னும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் குதிரை வண்டியில் சென்று, வீட்டுக்கு மின்கம்பி இழுக்காமல், பழைய முறைப்படி வாழ்கிறார்கள். அவர்களின் சந்தைக் கடைகளிலும் ஓட்ஸ் பை விற்பனைக்கு உண்டு. ஆகவே ஒஹையோவில் ஒரு மூதாட்டி இதைச் செய்து கொண்டுவந்ததில் வியப்பில்லை.

இனி, எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு வருவோம். ஓட்ஸ், முட்டை, சர்க்கரை, பாகு ஆகியவற்றைப் பற்றி நமக்குப் பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியவை இரண்டே.

முதலாவது மேலோட்டின் கொழுப்பு. பழங்காலத்து அமெரிக்கச் சமையலில் மேலோட்டுக்குப் பன்றிக் கொழுப்பே பெரிதும் பயன்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு 'லார்ட்' என்று பெயர். 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கிக் 'கிரிஸ்கோ' என்னும் தாவரக் கொழுப்பு வந்தது. நம் ஊருக்கு 1937இல் வந்த டால்டாவைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வந்த பின் பல வீடுகள் அதற்கு மாறிவிட்டன. வெண்ணெய் மட்டுமே சேர்ப்பவர்களும் ஏராளம். ஆகவே வீட்டில் செய்த பை என்றால் மூன்றில் எதுவும் இருக்கலாம். செய்தவரைக் கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. கடையில் உறைநிலையில் விற்கும் ஆயத்த மேலோடுகளிலும் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு உண்டு, சிலவற்றில் இல்லை. பெட்டியின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள். மார்ஜரினில் இ-471 என்ற குறியீடு இருந்தால், அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வெனிலா. அமெரிக்காவில் 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது நூற்றுக்கு 35 பங்கு ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பையில் ஊற்றுவது ஒரு தேக்கரண்டிதான், அதுவும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. மார்க்க அறிஞர்களிடையே இதில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஆல்கஹால் கலவாத வெனிலாவும் வெனிலாப் பொடியும் தாராளமாகக் கிடைக்கும்போது கருத்து வேறுபாட்டுக்குள் நாம் ஏன் நுழைய வேண்டும்? அவையும் இல்லையென்றால் வெனிலாவையே விட்டுவிடலாம். நம் நாட்டுச் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை: பொட்டலத்தின் மேல் உள்ள பச்சைப் புள்ளி, அதில் விலங்குப் பொருள் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. எசன்ஸில் ஆல்கஹால் உண்டா இல்லையா என்பதை அது சொல்லாது. பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் ஹலால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போது செய்முறை. இம்மடலுக்காக மூன்று முறை செய்து பார்த்தேன். முதல் முறை ஆட்டம் கண்டது. ஏன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். அளவுக் கோப்பை 240 மில்லி கொண்டது. ஒன்பது அங்குல வட்டத் தட்டுக்கான கணக்கு இது.

மேலோட்டுக்கு: மைதா ஒன்றேகால் கோப்பை, அதாவது ஏறத்தாழ 155 கிராம். உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம். குளிர்ந்த நீர் மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி.

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குளிர்பெட்டியில் கல்லாக இறுகவிடுங்கள். மைதாவோடு உப்பைக் கலந்து, வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு, விரல் நுனியால் விரைவாக நசுக்குங்கள். ரொட்டிக்குப் பிசைவதுபோல் பிசையக் கூடாது. வெண்ணெய் பட்டாணி அளவில் ஆங்காங்கே தெரிய வேண்டும். அந்தத் துண்டுகள்தாம் ஓவனில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி, மாவைப் படலம் படலமாகப் பிரித்துவிடுகின்றன. பன்றிக் கொழுப்பில்தான் மேலோடு மொறுமொறுவென்று வரும் என்பது அந்நாட்டுப் பழைய பாட்டிகளின் பிடிவாதம். வெண்ணெயைக் குளிர்ச்சி குறையாமல் கையாண்டால் அதே பக்குவம் கிடைப்பதோடு, மணமும் கூடுதலாகவே இருக்கிறது. நெய் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நெய்யில் நீரில்லை, நம் ஊர்ச் சூட்டில் அது இறுகி நிற்பதுமில்லை. மேலோடு நானகத்தாய்போல் பொடிந்துவிடும். சுவையில் குறையில்லை, படலம் மட்டும் வராது.

பிறகு குளிர்ந்த நீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்து, மாவு ஒன்றுசேரும் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டையாகத் தட்டி, மூடி, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பின் பூரிக்கட்டையால் பன்னிரண்டு அங்குல வட்டமாகத் தேய்த்துத் தட்டில் விரியுங்கள். இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுத்த மாவு சூட்டில் சுருங்கிவிடும். விளிம்பை விரலால் மடித்துச் சோமாஸ் ஓரம்போல் நெளி வைத்து, மறுபடியும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

உள்ளீட்டுக்கு: முட்டை மூன்று. பழுப்புச் சர்க்கரை முக்கால் கோப்பை, 150 கிராம். கார்ன் சிரப் முக்கால் கோப்பை. உருக்கிய வெண்ணெய் கால் கோப்பை. உப்பு கால் தேக்கரண்டி. பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி. வெனிலா ஒரு தேக்கரண்டி. ஓட்ஸ் ஒரு கோப்பை, 90 கிராம். விரும்பினால் உலர்ந்த தேங்காய்த் துருவல் அரைக் கோப்பை. அமெரிக்காவிலும் பலர் சேர்க்கிறார்கள்.

என் முதல் பை கெட்டது இந்த ஓட்ஸால்தான். கடைகளில் ஓட்ஸ் பல விதம். முழு மணியை ஆவியில் பதப்படுத்தி உருளைகளுக்கிடையே அவலைப்போல் தட்டையாக்கியது ஒன்று. அதையே இன்னும் மெல்லியதாகத் தட்டி, கொதிநீர் ஊற்றிய நொடியில் குழையும்படி செய்தது இன்னொன்று. நான் அவசரத்தில் எடுத்தது பின்னது. பாகில் விழுந்ததும் கரைந்து கூழாகி, வெந்தபின் பையை வெட்டினால் களிபோல் இருந்தது. பெரிய அவலைப்போல் இதழ் இதழாகத் தெரியும் ஓட்ஸை வாங்குங்கள். பொட்டலத்தில் 'ரோல்டு' அல்லது 'ஓல்டு ஃபேஷன்டு' என்று இருக்கும். மணியை வெறுமனே நறுக்கி விற்பதும் உண்டு. அது இந்தப் பைக்கு வேகாது.

ஓட்ஸை வெறும் வாணலியில் மெல்லிய தீயில் ஆறேழு நிமிடம், வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். ரவையை வறுப்பதுபோலத்தான். கொட்டையின் மணம் இந்த வறுப்பிலிருந்தே வருகிறது. பழைய குறிப்புகள் பலவற்றில் இது இல்லை. ஆயினும் வறுத்ததற்கும் வறுக்காததற்கும் பெரிய வேறுபாடு தெரிகிறது.

முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்த்து, நுரை எழுப்பாமல் கலக்குங்கள். சர்க்கரை, பாகு, உப்பு, பட்டைத்தூள், வெனிலா ஆகியவற்றையும், ஆறிய வெண்ணெயையும் சேருங்கள். வெண்ணெய் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். கடைசியில் ஓட்ஸையும் தேங்காயையும் கலந்து மேலோட்டில் ஊற்றுங்கள். முன்கூட்டியே 350 பாரன்ஹீட், அதாவது 175 செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிய ஓவனின் கீழ்த்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால்தான் அடி மாவு பச்சையாக நிற்காது. 45 முதல் 55 நிமிடம் பிடிக்கும். ஓரம் வேகமாகச் சிவந்தால் அலுமினியத் தாளால் ஓரத்தை மட்டும் மூடுங்கள். வெந்துகொண்டிருக்கையில் ஓட்ஸ் தானாகவே மிதந்து மேலே படிந்து பொன்னிறமாகும். பாகும் முட்டையும் அடியில் வட்டிலப்பம்போல் உறையும். தட்டை மெல்ல அசைத்தால் ஓரம் அசையாமல் நடு மட்டும் சற்றே ததும்ப வேண்டும். அதுவே இறக்கும் பதம். நடுவும் இறுகும்வரை விட்டால் முட்டை வெடித்து நீர் விடும்.

இறக்கியதும் வெட்டப் போகாதீர்கள். மூன்று மணி நேரமாவது ஆற வேண்டும். சூட்டோடு வெட்டினால் பாகு ஓடிவிடும். அஸருக்குப் பின் செய்து வைத்தால் இரவு உணவுக்குப் பின் வெட்டச் சரியாக இருக்கும்.

தமிழ்நாட்டில் கார்ன் சிரப் கிடைக்காவிட்டால் 200 கிராம் வெல்லத்தைக் கால் கோப்பை நீரில் கரைத்து, வடிகட்டி, கொஞ்சம் கெட்டியாகும்வரை கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம். பழுப்புச் சர்க்கரைக்கு நாட்டுச்சர்க்கரை. சுவை நம் ஊர்ப் பக்கம் சாய்ந்துவிடும். எனக்கு அது பிடித்தே இருந்தது. தேன் சேர்த்தால் சீக்கிரம் கருகும், கவனம். ஓவன் இல்லாதவர்கள் பிரியாணிக்குத் தம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடி கனத்த பழைய தேக்சாவில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, மேலே முக்காலி வைத்து, பத்து நிமிடம் சூடேற்றி, பைத்தட்டை உள்ளே வைத்து மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்ப வேண்டும். கீழே தீ சிறியதாக இருக்கட்டும். ஓவன் வருமுன் அமெரிக்கர்களும் இப்படித்தான், மூடிமேல் தணல் வைக்கும் கனத்த இரும்புச் சட்டியில் பை செய்தார்கள். தணலுக்கு வழியில்லாமல் கேஸ் அடுப்பில் செய்தால் பை வெந்துவிடும், மேற்புறம் மட்டும் சிவக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று தட்டை நீட்டும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து இருப்பதும், நாளொன்றுக்கு அது 3 கிராம் அளவில் சேர்ந்தால் கொலஸ்ட்ரால் குறைய உதவும் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க அரசு 1997இல் அனுமதித்ததும் உண்மையே. அந்த 3 கிராமுக்கு 60 முதல் 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். இந்தப் பையை எட்டாக வெட்டினால் ஒரு துண்டில் இருப்பது பதினோரு கிராம் ஓட்ஸ். உடன் வருவதோ சர்க்கரையும் பாகுமாக ஐம்பது கிராம் அளவில்! ஆகவே இது மருந்தன்று, இனிப்பு. நோயுள்ளவர்களுக்கு ஓட்ஸைக் கஞ்சியாகவே கொடுங்கள். ஹதீஸில் வரும் தல்பீனாவும் ஓட்ஸன்று. அது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் கஞ்சி. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சிலர் எனக்கு எழுதுவதால் இதைக் குறிப்பிட்டேன்.

இனி ஒஹையோச் சகோதரிக்கு.

அந்தக் கண்ணாடித் தட்டில் நீங்கள் பை செய்ய வேண்டாம். அதில் முன்பு எந்தக் கொழுப்புப் பட்டது என்பது தெரியவில்லை. பன்றியின் அசுத்தம் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் ஓதியிருப்பீர்கள். ஹனஃபி மத்ஹபினருக்குச் சட்டம் வேறு. மூதாட்டியைக் கேட்டு, வெண்ணெய்தான் என்று தெரிந்தால் அந்தக் கவலையே இல்லை. உங்கள் ஊர்க் கடையில் ஒன்பது அங்குல அலுமினியத் தகட்டுத் தட்டு மலிவாகக் கிடைக்கும். அதில் பையைச் செய்யுங்கள். அவருடைய தட்டைத் துலக்கித் துடைத்து, தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஏந்திக்கொண்டு நீங்களே போங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். போனதும் முதலில் உண்மையைச் சொல்லுங்கள். பன்றியிலிருந்து எடுத்த எதையும் எங்கள் மார்க்கத்தில் நாங்கள் உண்பதில்லை. நீங்கள் எந்தக் கொழுப்புச் சேர்ப்பீர்கள் என்று அன்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் உங்கள் பையை நாங்கள் சாப்பிடவில்லை. சுவையாக இருந்தது என்று நான் சொன்னது சரியன்று, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மொழியில் சொன்னால் போதும். குப்பைக் கூடையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் கூற மாட்டேன்; ஆனால் அவராகக் கேட்டால் இன்னொரு பொய் வேண்டாம். அவர் முகம் சற்று வாடக்கூடும். வாடட்டும். அடுத்த முறை அவர் வெண்ணெய் சேர்த்துச் செய்து எடுத்து வந்தால் உங்கள் பிள்ளைகள் அதைச் சாப்பிடலாம். ஆறு வாரமாக நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கும் நிலையில் அதற்கு வழியே இல்லை. பொய்க்காக அல்லாஹ்விடம் தவ்பாச் செய்வது உங்களுக்கும் அவனுக்கும் இடையிலானது. அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையில் முட்டை இருப்பதால் வெளியில் வைக்கக் கூடாது, குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். தனியாக வாழ்பவர், முழுப் பையும் ஒரே நாளில் செலவாகாது. ஒரு சீட்டில் மைதா, வெண்ணெய், முட்டை, ஓட்ஸ், தேங்காய் என்று என்னென்ன சேர்த்தீர்கள் என்பதை எழுதி மேலே வையுங்கள். இந்த வயதில் அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம், தேங்காய் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஓவனை மூட்டுவதற்கு முன்பே வேலியோரம் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.